கடைசிக்கு முந்தின பாட்டு

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லி சேகர் மாமா கேட்டிருக்கிறார். பிறந்த ஊர், கைமணம், பக்தி, இன்முகம் என்று நாலு வரி இருந்தால் போதுமாம். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இன்முகம் என்று எழுதினால் உன்னோடு பழகியவர்கள் மலரை மூடி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அதனால் உன்னைப் பற்றி எழுதவில்லை, உனக்கே எழுதுகிறேன். லேக் மார்க்கெட்டில் காபித்தூள் வாங்க வருகிற அத்தனை பேரும் படிக்கட்டும்.

உனக்கு வேண்டிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். இந்த வருஷத்து ஆல்பங்களில் எது முதல், எது இரண்டாவது என்று முடிவாகிவிட்டது. அந்த முடிவு உனக்குப் பிடிக்கப் போவதில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. குறுக்கே பேசாதே. திருச்சியில் பிறந்து, கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த அப்பாவைக் கட்டிக்கொண்டு கல்கத்தா வந்தாய். அப்பா போன பிறகும் ஊர் திரும்பவில்லை. உன் தம்பி சேகர் மாமாவின் மளிகைக் கடைக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடியில், என்னோடு இருந்தாய். அறுபத்தெட்டு வயதில், போன பங்குனியில், போய்விட்டாய். இடையில் இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பாட்டுக் கேட்டாய்.

பாட்டு என்றதும் எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டுகிற பழைய பாட்டை நினைத்துக்கொள்வார்கள். உனக்கு வேண்டியது அந்தந்த வருஷம் புதிதாக வந்த ஆல்பம். தமிழ், வங்காளம், மலையாளம், சில நேரம் என்ன பாஷை என்று உனக்கே தெரியாத ஏதோ ஒன்று. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுத் திரும்பிய கையோடு ஃபோனைத் தேடுவாய், ஏனென்றால் புது ஆல்பங்கள் அன்றைக்குத்தான் வரும். சிவப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமைப்பாய். குக்கர் விசில் காதில் விழாது, ஆவி எழும்புவதைக் கண்ணால் பார்த்து எண்ணுவாய். சாதம் என்றைக்கும் குழைந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், மாமா கேட்ட கைமணம் வந்துவிட்டது.

மார்க்கெட்டுக்குப் போகும்போது அந்த ஹெட்போன் கழுத்தில் தொங்கும். வாழைப்பூ வாங்க வந்த ஒருத்தி ஒருமுறை, "காதுல ஏதாச்சும் கோளாறாக்கா?" என்று பரிவோடு கேட்டாள். "கோளாறு எனக்கில்லம்மா. இந்த மாசம் என்ன வந்திருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றாய். அவள் பாவம், காய்கறியில் என்ன வந்திருக்கிறது என்று கேட்கிறாய் என நினைத்துக்கொண்டு பட்டாணி வந்திருப்பதாகச் சொன்னாள்.

நம் வீட்டில் இதற்கெல்லாம் சட்டம் இருந்தது. ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே வரிசையில் கேட்க வேண்டும், எதையும் தாண்டக் கூடாது. நடுவில் தூங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா" என்று யாராவது சொன்னால், சொன்னவர் எழுந்து போய் எல்லோருக்கும் காபி போட வேண்டும். சேகர் மாமா நம் வீட்டில் எத்தனை காபி போட்டிருப்பார் என்று யோசித்துப் பார்.

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. நீ அடை வார்ப்பாய். தொட்டுக்கொள்ள வெல்லத்துக்குப் பதில், இங்கே பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கிற ஈச்ச வெல்லம், நோலென் குர். திருச்சிக்காரர்கள் யாருக்கும் சொல்லாதே என்பாய், அத்தனை பொருத்தம் அது. கீழ் வீட்டு வங்காளிக்காரி மிட்டு மாஷி வருவாள். போட்டியில் இருக்கிற ஆல்பங்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்போம். முதலிடம் முடிவானதும் பால்கனிக் கதவை முழுக்கத் திறந்து, ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பி, ஜெயித்த ஆல்பத்தை முழுசாகப் போடுவோம். அந்த ஒரு நாள் நம் தெருவுக்கு வேறு வழியில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் உன் சொந்தச் சித்தாந்தம் ஒன்று உண்டு. "முதப் பாட்டை நல்லாப் போட எந்தக் கழுதைக்கும் தெரியும். கடைசிப் பாட்டை நல்லா முடிக்கவும் ஆசை இருக்கும். கடைசிக்கு முந்தின பாட்டைப் பாருடீ. அங்க வர்றதுக்குள்ள பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிருப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். யாரும் பாக்காத இடத்துல ஒருத்தர் என்ன பண்றாங்களோ அதான் அவங்க." இந்த அளவுகோலில் எத்தனை பெரிய பேர்களைக் கீழே தள்ளியிருக்கிறாய்.

இப்போது அப்பா போன வருஷத்துக் கதைக்கு வருகிறேன். நீ யாரிடமும் சொல்லாதது, ஆனால் நான் சொல்லத்தான் போகிறேன்.

நான் கல்லூரியில் இருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் சேகர் மாமா வந்து, "வருஷம் திரும்பற வரைக்கும் இது கடையில இருக்கட்டும்க்கா" என்று டேப் ரெக்கார்டரைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். நல்லெண்ணம்தான். ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. துர்கா பூஜைக்குப் பந்தலில் பாட்டுப் போட்டால்கூட ஜன்னலைச் சாத்தினாய். டேப் ரெக்கார்டர் திரும்பி வந்தபோது உள்ளே பெல்ட் தளர்ந்து போய், எல்லாக் குரலும் சளி பிடித்தது போல் இழுத்தது.

அதன் பிறகு பல வருஷம் கழித்து ஒரு நாள், யாரோ ஏதோ ஒரு ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது உன் முகம் மாறியது. அது எப்போது வந்தது என்று கேட்டாய். அப்பா போன வருஷம். "எனக்குத் தெரியாது" என்றாய். அப்புறம் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாய், "உங்கப்பா செத்ததுக்காக அந்த வருஷம் ஊர்ல யாரும் பாடாம இருந்தாங்களா? எனக்கு மட்டும் அங்க ஒரு ஓட்டை. அவருக்காக அழுதது எனக்குப் போதும்டீ. காதையும் எதுக்கு அடைச்சாங்க? நான் போனா என் வருஷத்துல ஓட்டை விழக் கூடாது, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாய். நான் கேட்டுக்கொண்டேன். இனிச் சொல்லப் போகிற அத்தனை சண்டையும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன காலை நினைவிருக்கிறதா? நினைவிருக்காது, உனக்கு மூச்சு வாங்கியது. தூத்துக்குடிப் பெண் ஒருத்தியின் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அவள் இருமுவாள், அந்த இருமலை வெட்டாமல் அப்படியே விட்டிருப்பாள். அதற்கு நீ வைத்த பெயர் இருமல் ஆல்பம். நான் வண்டி கூப்பிட்டுவிட்டு வந்து நின்றபோது ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். "கடைசி ரெண்டு பாட்டு பாக்கி. வந்து கேக்கறேன். ஆனா இந்த வருஷம் இவதான் ஒண்ணாம் நம்பர், மாத்தமில்ல." கடைசிக்கு முந்தின பாட்டைக் கேட்காமல் நீ தீர்ப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து அந்த இரண்டு பாட்டையும் நீ கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. டிசம்பர் வரை அதைத் தொடவே இல்லை. அந்த இடத்தில் ஆல்பம் நின்றுபோயிருந்தது, நகர்த்தினால் நீ இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. மற்றதையெல்லாம் கேட்டேன் அம்மா. நியூ டவுன் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸிலும் வரும் பஸ்ஸிலும் உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல். அழுதுகொண்டே கேட்டதும் உண்டு. பக்கத்து சீட்டுக்காரர்கள் சோகப் பாட்டு என்று நினைத்திருப்பார்கள். பாதி நேரம் ஒருவன் தன் ஸ்கூட்டரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான்.

உனக்கு அவனைப் பிடித்திருக்கும். கோயம்புத்தூர்ப் பையன், மூச்சே விடாமல் பேசுகிறான், நம் மிக்ஸி மாதிரி. ஆனால் கடைசிக்கு முந்தின பாட்டில் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, முதல் பாட்டையே திருப்பிப் போட்டிருக்கிறான். நான்காவது இடம். மலையாளத்தில் ஒரு தாலாட்டு ஆல்பம் வந்தது, பெரியவர்களுக்கான தாலாட்டு. மூன்று முறை பஸ்ஸில் தூங்கிப்போய் நம் நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன், மூன்று முறையும் சட்டப்படி முதலிலிருந்து ஆரம்பித்தேன். தூங்க வைப்பதற்காகவே செய்ததை, தூங்கிவிட்டதற்காகத் தண்டிப்பதா என்ற கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். இப்போதைக்கு மூன்றாவது. நாதஸ்வரத்தையும் கிடாரையும் சேர்த்து ஒன்று வந்தது, ஆபீசில் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே நாற்பது நிமிஷம் ஓட்டிவிட்டார்கள். இடமே இல்லை.

டிசம்பர் வந்தது. சேகர் மாமாவும் வந்தார்.

சங்கத்து ஹாலில் உனக்கு ஓர் அஞ்சலி ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். அதே கடைசி ஞாயிறு, காலையில். அவருடைய பழைய பாட்டுக் குழு பாடும். "அக்காவுக்குப் பிடிச்ச பழைய பாட்டு அஞ்சு சொல்லும்மா" என்றார்.

"ஒண்ணுகூட இல்ல மாமா."

"அப்படிச் சொல்லக் கூடாது. சாமிப் பாட்டாச்சும்?"

"அம்மா சாமிகிட்ட வேண்டிக்கிட்டதே அடுத்த வெள்ளிக்கிழமை உருப்படியா ஒரு ஆல்பம் வரணும்னுதான்."

அவர் சிரிக்கவில்லை. காபியைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார். "அன்னிக்கு சாயங்காலம் வழக்கமா நீங்க ரெண்டு பேரும் பண்றது இருக்குல்ல, கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு. இந்த வருஷம் வேண்டாம்மா. இன்னும் வருஷம் திரும்பல. ஸ்பீக்கரை நான் கடையில வச்சுக்கறேன்."

டேப் ரெக்கார்டர் போன அன்றைக்கு நீ ஒன்றும் சொல்லவில்லை அம்மா. நான் சொன்னேன்.

"அப்ப ஹால்ல நீங்க பாடறது?"

"அது அஞ்சலி."

"அதுக்கு ஸ்பீக்கர் வேண்டாமா?"

"அது வேற ஸ்பீக்கர்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உனக்கும் வந்திருக்கும். ஆனால் அவர் எழுந்து நிஜமாகவே ஸ்பீக்கரின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கப் போனார். நான் குறுக்கே நின்றுகொண்டேன். "மாமா, அன்னிக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிட்டுப் போனீங்க, அம்மா விட்டுட்டாங்க. இதை விட மாட்டேன். அம்மாவுக்கு அந்த ஒரு வருஷம் கடைசி வரைக்கும் திரும்பக் கிடைக்கல, தெரியுமா உங்களுக்கு?"

"செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"அவங்க யாரா இருந்தாங்களோ அதை மறைக்காம இருக்கறதுதான் மரியாதை."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். டம்ளரில் பாதிக் காபி அப்படியே இருந்தது. நாலு நாள் கடைப்பக்கம் போகவில்லை, தோசை மாவுக்கு வெந்தயம் இல்லாமல் சமாளித்தேன்.

அதற்குள் ஹால் வாசலில் உன் பேனர் வந்துவிட்டது. போன வருஷம் பால்கனியில் நான் எடுத்த படம், ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாரையோ திட்டிவிட்டு நிற்பாயே, அதுதான். மாமாவிடம் நல்லதாக இருந்தது அது ஒன்றுதானாம். ஸ்டுடியோக்காரர் ஹெட்போனை அழித்துவிட்டார். அந்த இடத்தில் மல்லிகைச் சரம். வாயோரத்தையும் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டிருந்தார்கள். கீழே, 'பழைய பாடல்களின் இனிய ரசிகை' என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு சாந்தமான அம்மாள் தெருவைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தாள். எனக்கு அந்த அம்மாளைத் தெரியாது.

செத்துப்போனவர்களுக்கு எல்லோருமாகச் சேர்ந்து இதைத்தான் செய்கிறோம். அவர்கள் கடித்த பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு, மாலை போடுவதற்குத் தோதாக ஆக்கிக்கொள்கிறோம். நான் பேனரைக் கிழிக்கவில்லை. அதே படத்தின் அசலைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஹெட்போனோடு, கோபத்தோடு, நம் கட்டட வாசலில் ஒட்டினேன். கீழே தமிழிலும் வங்காளத்திலும் எழுதினேன்: ஞாயிறு மாலை, வழக்கம்போல.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலுக்கும் போனேன். உன் சட்டப்படி முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்காமல் கேட்டேன். மாமாவுக்குக் குரல் இருக்கிறது அம்மா, நீ அதை ஒத்துக்கொண்டதே இல்லை. முடிவில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன். "எல்லாரும் நல்லாப் பாடினீங்க. இதுல ஒரு பாட்டும் எங்கம்மாவுக்குப் பிடிக்காது. அவங்களுக்குப் பிடிச்சது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னா சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க. அடை உண்டு" என்றேன்.

முன்வரிசையில் யாரோ "வருஷம் திரும்பாத வீட்டுல" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மாமா ஒயரைச் சுருட்டிக்கொண்டே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பாய். அதிகமில்லை. மிட்டு மாஷி, அவளோடு அவள் தங்கை, ஹாலில் தபலா வாசித்தவர், அப்புறம் அந்தப் பட்டாணிக்காரி. ஆமாம், அவளேதான். "அக்கா அன்னிக்குக் கேட்டாங்கல்ல, இந்த மாசம் என்ன வந்திருக்குன்னு. அதான் வந்தேன்" என்றாள். அடை கொஞ்சம் தடிமனாக வந்துவிட்டது. நோலென் குர் நன்றாக இருந்தது.

கதவைச் சாத்தினேன். கடைசியாக மிச்சம் இருந்தது இரண்டு ஆல்பம். இருமல் ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். அவள் இருமியதும் மிட்டு மாஷி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், நீ அவளிடமும் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. ஐந்தாவது பாட்டோ ஆறாவது பாட்டோ, கதவு தட்டும் சத்தம். சேகர் மாமா. உள்ளே வரக் காலை வைத்தவரை மாஷி கையை நீட்டித் தடுத்தாள். "தாடான். கான் ஷேஷ் ஹோக்." நில்லுங்கள், பாட்டு முடியட்டும். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அந்தப் பாட்டு முடிந்ததும் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

நீ நிறுத்திய இடம் வந்தது. அதைத் தாண்டி ஓடியது. நான் பயந்தது போல ஒன்றும் ஆகவில்லை, மின்விசிறி மாதிரி அது பாட்டுக்கு ஓடியது.

கடைசிக்கு முந்தின பாட்டு, அம்மா, ஒரு அம்மா பாட்டு.

அதுவரை உப்புக் காற்றும் பறையும் வசவுமாகப் பாடிக்கொண்டிருந்தவள், திடீரென்று வயலின்களைக் கூட்டி வைத்துக்கொண்டு தாயே தெய்வமே என்று உருகுகிறாள். பட்டினி கிடந்தாளாம், பாசம் தந்தாளாம், கோபமே தெரியாதாம். மிட்டு மாஷிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பட்டாணிக்காரி விசும்பினாள். மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். மூக்கு ஒழுக அழுதேன். அதனால்தான் அத்தனை கோபம் வந்தது. பேனரில் மல்லிகைச் சரம் வைத்த அதே ஸ்டுடியோக்காரர் வந்து பாட்டெழுதிக் கொடுத்துவிட்டுப் போனது போலிருந்தது.

முடிந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்காவுக்குன்னே பாடின மாதிரி இருக்கும்மா. கடைசியாக் கேட்டதும் இதைத்தானே? ஒண்ணாம் நம்பர்னு அவங்களே சொன்னாங்கன்னு சொன்னியே. குடுத்துடு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கொடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? நீயே சொன்னதுதானே? பாதி கேட்டு நீ ஆசைப்பட்ட ஒன்றை முழுதும் கேட்ட நான் மறுக்கலாமா? இந்தக் கேள்விகள் இன்னும் எனக்குள் இருக்கின்றன.

"இல்ல மாமா," என்றேன். "ரெண்டாவது."

"செத்துப்போனவங்க ஆசைம்மா."

"செத்துப்போனதுக்கெல்லாம் மார்க் போட முடியாது. இந்தப் பாட்டை அம்மா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? உங்களுக்கும் தெரியும், சொல்லுங்க."

மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அம்மா, உன் குரலிலேயே, இடுப்பில் கை வைக்காத குறையாகச் சொன்னார். "'கோபமே தெரியாதாமா? எவடீ அவ? கூட்டிட்டு வா, நான் பாக்கணும்'பாங்க."

அதன் பிறகு எல்லோரும் சிரித்த சிரிப்பில் தபலாக்காரர் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். அப்படித்தான் நீ பேனரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தாய்.

ஜெயித்தது எது என்று சொல்கிறேன். வங்காளத்தில் பாடுகிற இரண்டு தோழிகள். நியூ டவுனில் ஏதோ ஒரு உயரமான கட்டடத்துக் குடியிருப்பில் பதிவு செய்திருக்கிறார்கள், பாட்டுக்கு நடுவே லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்கும். நீ இருந்திருந்தால் லிஃப்ட் ஆல்பம் என்று பெயர் வைத்திருப்பாய், அதனால் நானே வைத்துவிட்டேன். கடைசிக்கு முந்தின பாட்டில் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். ராத்திரி வைத்த மீன் துண்டை யார் தின்றது என்று, பாட்டாகவே. ஒருத்தி உயர்த்தினால் மற்றவள் அதற்கு மேல் உயர்த்துகிறாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. கடைசியில் ஒரு கதவு சாத்துகிற சத்தம், அப்புறம் உள்ளேயிருந்து அதே குரல்கள் மறுபடியும். யாரும் பார்க்காத இடத்தில் அவர்கள் செய்தது அதுதான்.

பஸ்ஸில் நான் முன்பே கேட்டிருந்த அதை அன்றைக்கு எல்லோருக்கும் போட்டு முடித்தபோது மாமா, "என்னம்மா இது, கழுதையும் கழுதையும் கத்தற மாதிரி. அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார். அவரே எழுந்து சமையலறைக்குப் போய் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார்.

காபி வந்தது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு டம்ளர் தட்டைக் கீழே வைத்தவர், ஸ்பீக்கர் அருகே போய்க் குனிந்தார். நான் பாதி எழுந்துவிட்டேன். இரண்டு கையாலும் அதைத் தூக்கினார், அன்றைக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கியது போலவே மார்போடு அணைத்து. பால்கனிக்குக் கொண்டுபோய்த் தெருவைப் பார்த்து வைத்தார். கதவுகள் இரண்டையும் அகலத் திறந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் சங்கத்து ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மாமா அவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார், "சத்தத்தைக் கூட்டு. அக்கா இதைவிட அதிகமா வைப்பாங்க."

கூட்டினேன். பனியில் தெருவெல்லாம் அந்த இரண்டு பெண்களும் மீனுக்குச் சண்டை போட்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார். ஊர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கும், சொல்லட்டும். நீ இரண்டரை மாதம் கேட்ட வருஷம் இது, மீதியை நான் கேட்டேன். இதில் ஓட்டை இல்லை.

ஒரு சமாதானமும் சொல்லப் போவதில்லை அம்மா. உன் ஒண்ணாம் நம்பரை இரண்டாவதாக்கியது நான்தான், அதில் மாற்றமும் இல்லை. உனக்கு ஒப்புதல் இல்லையென்றால் வந்து கேள். வர முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னும் உன்னோடு சண்டை போடுகிறேன், ஏனென்றால் சண்டையை நிறுத்தினால் நீயும் அந்தப் பேனரில் இருக்கிற அம்மாள் ஆகிவிடுவாய்.

மாமா இதைப் படித்துவிட்டு மலரில் போட இடமில்லை என்று சொல்லலாம். சொன்னால் கடை வாசலிலேயே ஒட்டிவிடுவேன், ஒட்டிப் பழக்கமாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு புது ஆல்பம் வருகிறதாம். விளக்கேற்றிவிட்டு உன் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். இனி ஒரு வருஷமும் நம் வீட்டில் ஊமையாகப் போகாது. எந்தப் பாட்டையும் தாண்ட மாட்டேன். கடைசிக்கு முந்தின பாட்டில் உன்னை நினைத்துக்கொள்வேன், ஆனால் உனக்காக ஒரு மார்க்கும் கூட்டிப் போட மாட்டேன்.

உன் தீர்ப்பை மாற்றி எழுதிய,
உன் ஒரே மகள்,
மைதிலி